செத்தவீட்டு அப்புக்காத்து

யாழ்ப்பாணத்தில் சட்டம் தெரிந்தவர்கள் இரண்டு இனம். முதலாவது இனம் சட்டக் கல்லூரிக்குப் போய், தடித்த புத்தகங்களைப் படித்து, பரீட்சை எழுதி, சத்தியம் செய்து, கறுப்புக் கோட்டுத் தைப்பித்து, அதை வெயிலில் போட்டுக்கொண்டு தன் வழக்கை எப்போது கூப்பிடுவார்கள் என்று நீதிமன்ற விறாந்தையில் காத்து நிற்கும். அதைப்பற்றி நான் எழுதப்போவதில்லை. பாவம், அது தன்பாட்டில் நிற்கட்டும். இரண்டாவது இனம் படிப்பதும் இல்லை, காத்து நிற்பதும் இல்லை. ஒரு வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால், ஐயர் வருவதற்கு முன்பு, பந்தல்காரர் வருவதற்கு முன்பு, சில வேளைகளில் ஊர் அதிகாரியான விதானையார் வருவதற்கும் முன்பு, படலையைத் திறந்துகொண்டு வந்துவிடும். அதன் பெயர் செத்தவீட்டு அப்புக்காத்து.

அப்புக்காத்து என்பது சட்டத்தரணிக்கு ஒரு பழைய சொல். உண்மையான சட்டத்தரணிகள் அந்தச் சொல்லை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். நல்ல சொல் வீணாகப் போகக்கூடாது என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். செத்தவீட்டுக்கு வருகிற எல்லோரும் முதலில் உள்ளே போய் முகத்தைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து கதிரை தேடுவார்கள். இவர் முதலில் கதிரையைத் தெரிந்தெடுத்து, அதில் தன் கைக்குட்டையை, எங்கள் சொல்லில் கைலேஞ்சியை, விரித்து இடம் பிடித்துவிட்டுத்தான் உள்ளே போவார். அந்தக் கதிரை எந்தச் செத்தவீட்டிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும்: பால் விடாத தேநீரான பிளேன்ரீ வருகிற வழிக்குப் பக்கத்தில், செத்தவரின் பிள்ளைகள் போய்வருகிற வழிக்கு எதிரில். இருந்தவுடன் முதலாவது கேள்வி: “எத்தினை மணிக்கு எடுக்கினம்?” அது எல்லோரும் கேட்கிற கேள்வி. இரண்டாவது கேள்விதான் இவருடைய கேள்வி, காணிப் பத்திரம் யாருடைய பெயரில் என்பது: “உறுதி ஆற்றை பேரிலை கிடக்கு?” இரண்டு கேள்விகளுக்கும் இடையில் உள்ள நேரம் ஒரு பிளேன்ரீ. சீனி போட்டதென்றால் அதுவும் இல்லை.

வெளிநாட்டிலும் இந்த இனம் உண்டு. அது குரல்பதிவு அனுப்பும். ஏழு நிமிடத்துக்குக் குறைந்த பதிவு அதற்கு அனுப்பத் தெரியாது. ஆனால் நான் சொல்லப்போவது உள்ளூர்க்காரர் ஒருவரைப்பற்றி. உடுப்பிட்டியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற கனகரத்தினம் அவர்களைப்பற்றி. எல்லா வீட்டுக்கும் அவர் சித்தப்பா. எந்த வழியில் சித்தப்பா என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் அவர் விளக்கத் தொடங்கிவிடுவார் என்ற பயத்தில் ஒருவரும் கேட்பதுமில்லை.

அவருக்குச் சட்டம் எங்கிருந்து வந்தது? இருபத்துமூன்றாவது வயதில் ஒரு சைக்கிள் களவு வழக்கில் அவர் சாட்சி. வழக்கைக் கூப்பிட்ட முதல் தவணைக்கு நீதவான் லீவு. இரண்டாம் தவணைக்கு எதிரியின் சட்டத்தரணிக்குக் கன்னம் வீங்கிக் கூகைக்கட்டு. மூன்றாம் தவணைக்குச் சித்தப்பா வெள்ளை வேட்டி கட்டி, சொல்லவேண்டியதை எல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனார். அவரைக் கூப்பிடுவதற்கு ஒரு நிமிடம் முந்திச் சைக்கிள் எடுத்தவன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். நீதிமன்றத்துக்கும் சித்தப்பாவுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட சாட்சியத்தைத்தான் நாற்பத்தைந்து வருடமாக ஊரின் ஒவ்வொரு செத்தவீட்டிலும் கொஞ்சங்கொஞ்சமாகச் சொல்லித் தீர்க்கிறார் என்பது என் கணிப்பு.

அவருடைய சட்டப் புத்தகத்தில் மொத்தம் ஒரு வசனம்தான் இருக்கிறது: “கோடு ஏத்துக்கொள்ளாது.” நீதிமன்றத்தை எங்கள் பக்கத்தில் கோடு என்றுதான் சொல்வோம். மரண அத்தாட்சிப் பத்திரத்தை மடித்தால் கோடு ஏற்றுக்கொள்ளாது. நீல மையில் கையெழுத்து வைத்தால் கோடு ஏற்றுக்கொள்ளாது. செவ்வாய்க்கிழமை எழுதின உறுதியைக் கோடு ஏற்றுக்கொள்ளுமா? ஏற்றுக்கொள்ளும், ஆனால் மனமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். இவரை நம்பினால், அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிற அவ்வளவு பேரும் காலையில் எழும்பி, குளித்து, சாப்பிட்டு வருவதே ஒன்றையும் ஏற்றுக்கொள்ளாமல் விடுவதற்காகத்தான் என்று நினைக்கவேண்டும். ஒரு சொல் மட்டும் அவருடைய வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. “தெரியாது.”

நான் இவரைச் சும்மா பழிக்கவில்லை. பதின்மூன்று வருடம் பள்ளிக்கூடம் போனேன். தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று படிப்பித்தார்கள். பிரான்சில் அரசனின் தலையை எந்த ஆண்டில் வெட்டினார்கள் என்று படிப்பித்தார்கள். ஒரு ஆள் செத்துப்போனால் அவர் இருந்த வீடு எப்படி இன்னொருவருடைய வீடாகிறது என்று ஒருவரும் படிப்பிக்கவில்லை. அரசனின் தலை எங்கள் ஒழுங்கையில் இதுவரை விழவில்லை. ஆட்கள் ஒவ்வொரு மாதமும் சாகிறார்கள். படிப்பிக்காத பாடத்துக்கு ஒரு வாத்தியார் தானாக முளைத்தால், அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

ஆகவே விசாரித்து அறிந்ததை விளங்குகிறமாதிரிச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் உறுதி எழுதுகிற நொத்தாரிசின் முன்னால், சாட்சிகள் பார்த்திருக்க, தனக்குப் பிறகு தன் சொத்து யாருக்கு என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் அது மரணசாதனம். அவர் இறந்த மறுநாள் அந்தத் தாள் தானாக உறுதியாக மாறிவிடாது. “அப்பா எழுதி வச்சிட்டார்” என்றால் எல்லாம் முடிந்தது என்றுதான் ஊரில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது. மரணசாதனத்தை நிறைவேற்றுவதற்கு ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்திருப்பார்கள். அவர் அதன் மூலப்பிரதியையும் மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் வைத்து மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டும். நீதிமன்றம் பத்திரிகையில் அறிவிக்கச் சொல்லும். மற்ற உரித்தாளிகளுக்கு அறிவித்தல் அனுப்பும். ஒரு நாளைக் குறித்து, யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்கும். இல்லையென்றால், மரணசாதனம் உண்மையானதுதான் என்று ஒரு சான்று கொடுக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிறைவேற்றுபவர் சொத்தை உரியவருடைய பெயருக்கு மாற்றலாம். ஆட்சேபனை உண்டு என்று ஒருவர் எழுந்து சொல்லிவிட்டால் சான்று கிடைக்காது. விசாரணை கிடைக்கும். அது எத்தனை வருடம் கிடைக்கும் என்று கேட்காதீர்கள்.

இந்த மனுவுக்கு மரணசாதன வழக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆரம்பித்தது கஷ்டகாலம். வேறு எந்தப் பெயரையாவது வைத்திருக்கக்கூடாதா? எங்கள் ஊரில் வழக்கு என்றால் வேலி வழக்கு, கிணற்றுப் பங்கு வழக்கு, வாய்க்கால் வழக்கு. “அவன் வழக்குப் போட்டிட்டான்” என்றால் இனி அவனுடைய வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டோம் என்று பொருள். சித்தப்பாவுக்கு இது போதாதா?

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு செல்வநாயகம் அவர்களுடையது. தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர். போன மாசியில், பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டார். மனைவி முன்பே போய்விட்டா. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவர் ஜெயதீபன் அண்ணை, கணித வாத்தியார், அடுத்த ஒழுங்கையில் மனைவியின் சீதன வீட்டில் இருக்கிறார். கரும்பலகையில் மட்டும் அதிகம் பேசுகிற ஆள். இளையவ ஆரணி அக்கா. கணவர் சுபாஸ்கரனோடும் மகள் கோபிகாவோடும் தொண்டைமானாற்றில் வாடகை வீட்டில் இருக்கிறா. வாடகை வீடு எதற்கு, சீதனம் கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்தார்கள். மயிலிட்டியில் தாய்வழி வீடு. சீதன உறுதி எழுதியபோது அந்த வீடு இராணுவ வேலிக்கு உள்ளே இருந்தது. அதை மாப்பிள்ளையும் கண்டதில்லை, பொம்பிளையும் கண்டதில்லை. உறுதியில் மட்டும் நான்கு அறையும் ஓட்டுக் கூரையும் இருந்தது. வேலியைத் திறந்துவிட்டபோது போய்ப் பார்த்தார்கள். கிணறு இருந்தது.

இப்போது வாடகை வீட்டுக்காரரும் தன் மகளுக்குக் கலியாணம், ஆவணிக்குள் எழும்பவேண்டும் என்று சொல்லிவிட்டார். எழும்பி எங்கே போவது என்பதுதான் ஆரணி அக்காவின் முன்னால் இருந்த கேள்வி. இறந்த தகப்பனின் வீடோ பூட்டிக்கிடந்தது.

சித்தப்பா செத்தவீட்டன்றே வேலையைத் தொடங்கிவிட்டார். கைலேஞ்சி போட்ட கதிரையில் இருந்தபடி ஜெயதீபன் அண்ணையைக் கையைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

“தம்பி, நீ ஒண்டுக்கும் யோசியாதை. பொம்பிளைப்பிள்ளை சீதனம் வாங்கியாச்சு. தேசவழமைப்படி தேப்பன்ரை முதுசத்திலை இனி அவவுக்கு ஒரு செங்கல்லும் இல்லை.”

“நான் ஒண்டும் கேக்கேல்லையே, சித்தப்பா.”

“கேக்காத ஆளுக்குத்தான் சொல்லோணும்.”

பத்து நிமிடத்துக்குப் பிறகு குசினிப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனார். அங்கே ஆரணி அக்கா அழுது களைத்துச் சுவரோடு சாய்ந்திருந்தா.

“பிள்ளை, அழாதை. சட்டம் இப்ப மாறீட்டுது. சீதனம் கீதனம் ஒண்டும் பாக்கிறேல்லை. சரி அரைவாசி உனக்கு. விட்டிடாதை. நான் சொன்னதெண்டு கொண்ணனுக்குச் சொல்லாதை.”

எங்கள் பக்கத்துச் சொத்துச் சட்டமான ஒரே தேசவழமை. ஒரே செத்தவீடு. நடுவில் ஒரு சுவர். இப்படி இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளில் தோன்றக்கூடிய அப்புக்காத்து உலகத்தில் வேறு எங்கே கிடைப்பார்?

முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியை முடிந்து, சாப்பிட்டுக் கை கழுவி, சொந்தக்காரர் வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றி இருந்தார்கள். ஜெயதீபன் அண்ணை அலுமாரியில் இருந்து அரக்கு முத்திரை வைத்த கடித உறை ஒன்றை எடுத்து வந்தார். நொத்தாரிசின் பெயர் வெளியே இருந்தது.

“ஆரணி, இஞ்சை வா. அப்பா எழுதி வச்சதை ரெண்டு பேருமாய் வாசிப்பம்.”

இந்த இடத்தில் சித்தப்பா மட்டும் வெற்றிலை மென்றுகொண்டு சும்மா இருந்திருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திராது. ஒரு நிமிட வேலை. உறையைக் கிழித்து, வாசித்து, இரண்டு பேரும் அழுதுவிட்டுப் போயிருப்பார்கள்.

“டேய் தம்பி! உடைக்காதை!” வாயில் இருந்த வெற்றிலையோடு எழும்பியே விட்டார். “மரணசாதனத்தை வீட்டிலை உடைக்கிறதோ? ஆர் உனக்குச் சொன்னது? கோட்டிலை, நீதவானுக்கு முன்னாலை உடைக்கோணும். வீட்டிலை உடைச்சால் கோடு ஏத்துக்கொள்ளாது!”

“நொத்தாரிசு வாசிச்சுப் பாக்கச் சொல்லித்தானே…”

“நொத்தாரிசு எழுதுறவர். எழுதுறது வேறை, உடைக்கிறது வேறை. ஆஸ்பத்திரியிலை மருந்து எழுதுறவரே ஊசி குத்துறவர்?”

ஜெயதீபன் அண்ணை சூத்திரம் பிழைத்தால் விடை பிழைக்கும் என்று இருபது வருடம் படிப்பித்தவர். உறையைத் திருப்பி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சித்தப்பா திருப்தியாக இருந்தார். பிறகு படலையடியில் ஆரணி அக்காவை மறித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“பாத்தனியே பிள்ளை? ஏன் உவன் உடைக்கேல்லை?”

நீங்கள்தானே மறித்தீர்கள் என்று அக்கா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சந்தேகம் என்பது ஒரு விசித்திரமான சாமான். யார் கொண்டுவந்து வைத்தது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

ஜெயதீபன் அண்ணை உறையைச் சட்டத்தரணியிடம் கொண்டுபோனார். அவர் சிரித்துவிட்டு அங்கேயே கிழித்து வாசித்தார். கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனுத் தயாரானது. “தங்கச்சிக்கு அறிவித்தலோடை பிரதி எல்லாம் போகும், அதிலை அவ வாசிப்பா” என்று சட்டத்தரணி சொல்ல, அண்ணை வருகிற வழியில் சித்தப்பாவைக் கண்டு, “நான் முந்தியே தங்கச்சிக்குச் சொல்லட்டே?” என்று கேட்டார். கேட்டிருக்கக்கூடாது. இந்த இனத்திடம் ஓமா இல்லையா என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். ஓம் என்பதற்குச் சட்ட அறிவு தேவையில்லையே.

“வாய் திறந்திடாதை! வழக்கு நடக்கேக்கை உரித்தாளியோடை கதைச்சால் செல்வாக்குப் பண்ணினதெண்டு வரும். கோடு ஏத்துக்கொள்ளாது.”

அண்ணை வாயைத் திறக்கவில்லை. அது அவருக்குக் கஷ்டமான வேலையும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தொண்டைமானாற்றுக்குப் பதிவுத்தபால் போனது. அதேநாள் சித்தப்பா சந்நிதி கோயிலுக்குப் போனவர், வருகிற வழியில் ஆரணி அக்கா வீட்டில் பிளேன்ரீ குடிக்க இறங்கினார். அக்கா கடதாசிக் கட்டை நீட்டினா. சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலாம் பக்கத்தை மட்டும், விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

“மனுதாரர் ஆர்? கொண்ணன்.”

“ஓம்.”

“எதிர்மனுதாரர் ஆர்? நீ.”

“எதிர்மனுதாரர் எண்டால் என்ன, சித்தப்பா?”

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட செய்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சொல்வது அவருடைய வழக்கமில்லை.

“எதிர் எண்டால் எதிரிதான் பிள்ளை. கோட்டுத் தமிழ் எண்டபடியால் மரியாதைக்கு நீட்டி எழுதியிருக்கினம்.”

அக்கா வாசற்படியில் இருந்துவிட்டா. ஒரே தாய் வயிற்றுப் பிறப்பு. சின்ன வயதில் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோன அண்ணன். எதிரி என்று எழுதி, முத்திரை குத்தி, தபாலில் அனுப்பியிருக்கிறான்.

சுபாஸ்கரன் அண்ணை கட்டை வாங்கிப் பின்பக்கமாகப் புரட்டினார். “இன்னும் பன்ரண்டு பக்கம் கிடக்குது. முழுக்க ஒருக்கால் வாசிச்சுப் பாப்பமே?”

“முதல் பக்கந்தான் தம்பி வழக்கு. மிச்சமெல்லாம் இணைப்பு,” என்றார் சித்தப்பா.

அந்த வசனத்தை நினைவில் வைத்திருங்கள். மிச்சமெல்லாம் இணைப்பு.

அடுத்த கிழமை பத்திரிகையில் அறிவித்தல் வந்தது. செல்வநாயகம் அவர்களுடைய பெயர் ஒரே வருடத்தில் இரண்டாம் தடவை பேப்பரில். முதல் தடவை படத்தோடு, கண்ணீரோடு. இந்தத் தடவை படமும் இல்லை, கண்ணீரும் இல்லை, வழக்கிலக்கம் மட்டும். சித்தப்பா அதை வெட்டி எடுத்துக்கொண்டு ஆரணி அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினார். “பாத்தியே, உன்னைப் பேப்பரிலையும் போட்டிட்டான்!” அன்றோடு தமையன், தங்கை கதை நின்றது. தொலைபேசி வந்தால் எடுப்பதில்லை. கோயிலில் கண்டால் ஒருவர் மேற்கே பார்க்க, மற்றவர் கிழக்கே பார்த்தார்கள்.

கோபிகா பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியவீடு செய்ய நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் இல்லாத சாமத்தியவீடு எங்கே நடக்கும்? தேங்காய் உடைக்கிறவர் அவர், தோளுக்கு மாலை போடுகிறவர் அவர். கார்ட் அடித்து வந்தபோது தாய்மாமன் பெயர் இருக்கவேண்டிய வரியில் பூப்படம் ஒன்று இருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை கார்ட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்: “அம்மா, அச்சுக்காரர் மாமாவை மறந்துபோனாரே?”

அக்கா கார்ட்டை வாங்கி மற்றக் கார்ட்டுகளோடு அடுக்கி வைத்தா.

ஆட்சேபனை சொல்லும் தவணை வந்தது. சாமத்தியவீட்டுக்கு ஆறு நாள் இருந்தது. பருத்தித்துறைக் கோட்டுக்கு ஆரணி அக்காவும் சுபாஸ்கரன் அண்ணையும் போனார்கள். சித்தப்பா வெள்ளை வேட்டியில் வந்தார். நாற்பத்தைந்து வருடமாக மடித்து வைத்திருந்த வேட்டியோ தெரியாது. விறாந்தையின் அந்தத் தலைப்பில் ஜெயதீபன் அண்ணை குடையோடும் கோவையோடும் தனியாக நின்றார். இந்தத் தலைப்பில் இவர்கள் சட்டத்தரணி ஸ்ரெல்லாவைப் பிடித்தார்கள்.

“ஆட்சேபனை போடவேணும், மிஸ்,” என்றா அக்கா.

“எதை ஆட்சேபிக்கிறியள்?”

“மரணசாதனத்தை.”

“கையெழுத்துத் தேப்பன்ரை இல்லையே?”

“அது… தெரியாது.”

“சுகமில்லாத நேரம் எழுதினவரே?”

“இல்லை.”

“அப்ப என்ன பிழை?”

அக்கா சித்தப்பாவைப் பார்த்தா. சித்தப்பா முன்னுக்கு வந்தார். “தங்கச்சியை எதிரி எண்டு போட்டிருக்கினம், மிஸ். உது ஒண்டே போதாதே?”

ஸ்ரெல்லா அக்காவின் கையில் இருந்த கட்டை எட்டிப் பார்த்தா. “ஐயா, மனுப் போடுறவர் மனுதாரர். மற்ற உரித்தாளியள் எல்லாரும் எதிர்மனுதாரர். எல்லா மரணசாதன வழக்கிலையும் உப்பிடித்தான். மனுவுக்கு மற்றப் பக்கத்திலை பேர் இருக்கு, அவ்வளவுதான். சண்டையுமில்லை, எதிரியுமில்லை.” பிறகு அக்காவின் பக்கம் திரும்பினா. “மரணசாதனத்தை வாசிச்சனீங்களோ?”

“இல்லை. அதை ஒருத்தரும் எனக்குக் காட்டேல்லை.”

“கையிலை வச்சிருக்கிறியள், அம்மா. இணைப்பிலை கிடக்கு. கடைசிப் பக்கம்.”

அக்கா திருப்பினா. தட்டச்சில் அடித்த தாள். கீழே தகப்பனின் கையெழுத்து, தபாலதிபர்மாருக்கே உரிய அந்த ஒழுங்கான கையெழுத்து. வாசிக்கத் தொடங்கியவ இடையில் நிறுத்திவிட்டா. சுபாஸ்கரன் அண்ணை வாங்கி மிச்சத்தை வாசித்தார்:

“மயிலிட்டியில் நாம் எமது மகள் ஆரணிக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு வீடாக இல்லாதபடியால், அந்தக் குறையைத் தீர்க்கும்பொருட்டு, உடுப்பிட்டியில் நான் வசிக்கும் வீட்டையும் வளவையும் அவளுக்கே கொடுக்கிறேன். இதை நிறைவேற்றித் தரும் பொறுப்பை என் மகன் ஜெயதீபனுக்கு விடுகிறேன். அவன் செய்வான். தோட்டக் காணி இரண்டு பரப்பும் என் சைக்கிளும் அவனுக்கு.”

“சைக்கிளோ?” என்றார் சித்தப்பா. “சைக்கிளெண்டால் கவனம். சைக்கிளாலை ஒரு வழக்கு…”

ஒருவரும் கேட்கவில்லை.

விளங்குகிறதா? தனக்குக் கிடைக்கிற வீட்டை மறிப்பதற்காக அக்கா பஸ் ஏறி வந்திருந்தா. அந்த வீட்டை அவவுக்கு எடுத்துக் கொடுப்பதற்காகப் பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு அண்ணன் அந்தத் தலைப்பில் நின்றார். ஆட்சேபனை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால், ஆவணிக்கு வீடு இல்லை. அடுத்த ஆவணிக்கும் இல்லை.

அக்கா விறாந்தை நீளத்துக்கு நடந்துபோனா. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்ற நான்கைந்து வழக்காளிகள் வழிவிட்டார்கள்.

“அண்ணை, ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

ஜெயதீபன் அண்ணை குடையை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினார். “கதைச்சால் கோடு ஏத்துக்கொள்ளாதெண்டு கனகரத்தினம் சித்தப்பா சொன்னவர்.”

“எனக்கு உங்களை எதிரி எண்டு சொன்னவர்.”

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா தூணுக்குப் பக்கத்தில் வேறொரு குடும்பத்தோடு கதைத்துக்கொண்டிருந்தார். “உறுதி ஆற்றை பேரிலை கிடக்கு?” என்பது இங்கே வரைக்கும் கேட்டது.

அக்கா கைப்பைக்குள் இருந்து சாமத்தியவீட்டுக் கார்ட் ஒன்றை எடுத்தா. சுவரில் வைத்து, பூப்படத்தின் மேலேயே, ‘தாய்மாமன் ஜெயதீபன்’ என்று நீலப் பேனையால் எழுதிக் கொடுத்தா. அண்ணை அதை வாங்கி, கணக்குப் பார்க்கிறமாதிரி நெடுநேரம் பார்த்தார்.

“நீல மையாலை எழுதியிருக்கிறாய்,” என்றார். “கோடு ஏத்துக்கொள்ளாது.”

நான் அறிய அவர் பகிடி விட்டது அன்றைக்குத்தான். அக்கா சிரித்தாவோ அழுதாவோ என்று சுபாஸ்கரன் அண்ணையைக் கேட்டேன். இரண்டும் ஒன்றாக நடந்ததாம்.

தவணையில் ஆட்சேபனை இல்லை என்று பதிந்தார்கள். சாமத்தியவீட்டில் தாய்மாமன் தேங்காய் உடைத்தார். ஆனியில் சான்று வந்தது. ஆவணிக்கு முந்தி ஆரணி அக்கா எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்துவிட்டா. நீங்கள் சித்தப்பா வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள். இந்த இனம் உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. பால் காய்ச்சின அன்று முதல் ஆளாக வந்து, கைலேஞ்சி விரித்து இருந்து, வந்த எல்லோருக்கும் சொன்னார்: “நான் அப்பவே சொன்னனான், கோட்டுக்குப் போனால்தான் உண்மை வெளியிலை வருமெண்டு.”

“சித்தப்பா, நீங்கள் உங்கடை காணியளை எழுதி வச்சிட்டியளோ?” என்று கோபிகா கேட்டாள்.

“நான் ஏன் பிள்ளை இப்ப எழுதோணும்? எனக்கென்ன சாகிற வயசே?”

மூன்று மகன்மார். நான்கு துண்டுக் காணி. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், உறுதிகளில் இன்னொரு பெயர். அவருடைய செத்தவீடு மற்ற அப்புக்காத்துமாருக்கு ஒரு பெரிய திருவிழாவாக இருக்கும்.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். மரணசாதன வழக்கு எப்படி நடக்கும் என்று நான் மேலே எழுதினேனே, அந்த இடத்தை வாசித்தபோது, “உது அப்பிடியில்லை, அதுக்கு வேறை ஒரு வழி கிடக்கு” என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டதா? உங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் பெயர் ஞாபகம் வந்ததா? அவர்களுக்கு ஒருக்கால் எடுத்துச் சொல்லவேண்டும் என்று தோன்றியதா? சொல்லப்போவதென்றால் முழுக்க வாசித்துவிட்டுச் சொல்லுங்கள், இணைப்பையும் சேர்த்து.

அடுத்த செத்தவீட்டில், பிளேன்ரீ வருகிற வழிக்குப் பக்கத்தில் ஒரு நல்ல கதிரை இருக்கும். போய் இருங்கள், பரவாயில்லை. ஆனால் அதில் ஏற்கெனவே ஒரு கைலேஞ்சி கிடந்தால் தயவுசெய்து எடுக்கவேண்டாம். அது என்னுடையது. இதை எழுதுவதற்காக இரண்டு மாதம் விசாரித்ததில் எனக்கும் சில விஷயம் தெரியவந்திருக்கிறது.